சரக்கைக் கட்டினார்கள், விலையைக் கட்டவில்லை

செக்கும் சந்தையும் – 14

சென்ற இதழில் புதுச்சேரியில் கப்பலேறிய மல்லாட்டையோடு, அதாவது வேர்க்கடலையோடு, மார்சேய் வரை போய், அது எண்ணெயாகி சோப்பான கதையைப் பார்த்தோம். இந்த வாரம் ஊர் திரும்பிவிடலாம். செய்யாறு, ஆரணி, வந்தவாசி, சேத்துப்பட்டு என்று பழைய வட ஆற்காட்டின் கிழக்குப் பக்கம். ஆடியில் விதைத்துக் கார்த்திகையில் பிடுங்கும் மானாவாரிக் காடு. விதைக்கும்போது இருந்த விலை பிடுங்கும்போது இருக்காது என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தே விதைத்தவர்களும், அதை வாங்கி ஆட்டி எண்ணெய் எடுத்தவர்களும் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள என்ன ஏற்பாடு செய்துகொண்டார்கள்? இந்த இதழ் முழுக்க அதுதான்.

கச்சா எண்ணெய் எடுப்பவர்களுக்கும் இதே கவலை உண்டு. இரண்டு எண்ணெயும் மண்ணுக்கடியில் கிடைப்பவை என்பது வேடிக்கையான ஒற்றுமை. உழவோ துளையோ, செலவு முன்னால், விலை பின்னால் என்பது வேடிக்கை இல்லாத ஒற்றுமை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டைட்டஸ்வில் என்ற ஊரில் 1859இல் எட்வின் டிரேக் எண்ணெய்க் கிணறு தோண்டினார். அவரைப் பார்த்து ஊரே தோண்டியது. 1861 ஜனவரியில் பீப்பாய் 10 டாலருக்கு விற்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் 10 சென்ட். எண்ணெயைவிடக் காலிப் பீப்பாய்க்கு மதிப்பு கூடிப்போன காலம் அது. 1870களில் டைட்டஸ்வில்லிலும் ஆயில் சிட்டியிலும் எண்ணெய்ச் சந்தைகள் முளைத்தன. குழாய்க் கம்பெனி தன் தொட்டியில் இருக்கும் எண்ணெய்க்கு ஆயிரம் பீப்பாய் கணக்கில் ஒரு சீட்டு கொடுக்கும். அந்தச் சீட்டு கைமாறும். நாளை தரப்போகும் எண்ணெய்க்கு இன்றே விலை பேசும் வழக்கம் அங்கே வேர்விட்டது. ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் 1895இல், இனிச் சந்தை விலை வேண்டாம், நாங்கள் சொல்லும் விலைதான் என்று அறிவித்ததும் அந்தச் சந்தைகள் படுத்துவிட்டன. நியூயார்க்கில் கச்சா எண்ணெய்க்கு மீண்டும் முன்பேரச் சந்தை வந்தது 1983இல்தான்.

நம் பக்கத்தில் அதே காலத்தில் நடந்தது வேறு.

ரல்லி பிரதர்ஸ், வோல்கார்ட் போன்ற ஏற்றுமதிக் கம்பெனிகள் தென்னிந்திய வேர்க்கடலையை வாங்கியபோது, ஐரோப்பாவில் வாங்குபவனிடம் முதலில் விலை பேசி விற்றுவிட்டுத்தான் இங்கே கொள்முதலில் இறங்கும். இந்த மாதத்துச் சரக்கு, இந்தத் துறைமுகம், இந்த விலை என்று தந்தியில் முடிந்துவிடும். அதிலிருந்து கப்பல் கூலி, காப்பீடு, சாக்கு, ரயில், தரகு எல்லாம் கழித்து, உள்ளூரில் கண்டி என்னும் எடைக்கு இவ்வளவு வரை கொடுக்கலாம் என்று ஏஜெண்டுக்குத் தகவல் போகும். அடுத்த நாள் சந்தை கவிழ்ந்தாலும் கம்பெனிக்குப் பெரிய அடி இல்லை. அது விற்றாகிவிட்டது.

கீழே வரவர இந்தப் பாதுகாப்பு மெலிந்துகொண்டே வந்தது. மண்டிக்காரர் ஊர் வியாபாரிக்குப் பணம் கொடுப்பார். ஊர் வியாபாரி உழவனுக்கு விதைக்கும், களைக்கூலிக்கும், ஆடி மாதத்து அரிசிக்கும் முன்பணம் கொடுப்பார். இதைத்தான் பலர் அக்காலத்து முன்பேர வணிகம் என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முன்பேரம் என்றால் விலை முன்கூட்டியே முடிந்திருக்கவேண்டும். இங்கே பொதுவாக முடிவானது, காய் யார் வீட்டுக்குப் போகவேண்டும் என்பது மட்டும். விலை களத்தில் காய் காய்கிற அன்றைக்குத்தான். அதிலும் வெளிச்சந்தை விலையில் கொஞ்சம் குறைத்துக்கொள்வது வட்டிக்குப் பதில் வழக்கம். சரக்கு கட்டுப்பட்டது, விலை கட்டுப்படவில்லை. உழவன் தன் காயை வேறு இடத்துக்குக் கொண்டுபோகும் உரிமையை விட்டுக்கொடுத்தான். விலை விழுந்தால் அந்த அடியையும் அவனே வாங்கிக்கொண்டான்.

1929க்குப் பிறகு வந்த பெருமந்தத்தில் இது நிர்வாணமாகத் தெரிந்தது. மூன்று நான்கு ஆண்டுகளில் வேர்க்கடலை விலை பாதிக்கும் கீழே போனது. வாங்கிய முன்பணம் பழைய ரூபாய்க் கணக்கிலேயே நின்றது. ஒரு மூட்டை போட்டு அடைத்திருக்கவேண்டிய கடனுக்கு இரண்டு மூட்டைக்கு மேல் போடவேண்டி வந்தது. 1928இல் வேளாண்மைக்கான ராயல் கமிஷன் ஒழுங்குமுறைச் சந்தைகள் வேண்டும் என்று சொல்லியிருந்தது; மாகாண அரசு 1933இல் சென்னை வணிகப் பயிர்ச் சந்தைகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. பருத்தி, புகையிலையோடு வேர்க்கடலையும் அதில் சேர்ந்தது. இன்றைக்குச் செய்யாற்றில் நாம் பார்க்கும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் பூர்வீகம் அந்தச் சட்டம். எடையில் ஏமாற்று, சாம்பிள் என்ற பெயரில் அள்ளிக்கொள்வது, தரகு மேல் தரகு ஆகியவற்றைக் கட்டுப்படுத்தவே அது வந்தது. மூன்று மாதம் கழித்து வரும் விலையைப் பற்றி அதற்குக் கவலை இல்லை.

அந்தக் கவலைக்கு மருந்து பம்பாயில் விற்றுக்கொண்டிருந்தது. 1875இல் பம்பாய் பருத்தி வணிகச் சங்கம் முன்பேரத்தை ஒழுங்குபடுத்தித் தொடங்கியது. 1900இல் குஜராத்தி வியாபாரி மண்டலி எண்ணெய் வித்துகளுக்கு அதைச் செய்தது: வேர்க்கடலை, ஆமணக்கு. ராஜ்கோட்டிலும் சௌராஷ்டிர ஊர்களிலும் இது ஊறிப்போனது. அங்கே ஆப்ஷன் வியாபாரம்கூட உண்டு. விலை ஏறும் என்று நம்புபவன் கொஞ்சம் பணம் கட்டி வாங்கும் உரிமையை எடுத்துக்கொள்வது தேஜி. இறங்கும் என்று பயப்படுபவன் பணம் கட்டி விற்கும் உரிமையை எடுத்துக்கொள்வது மந்தி. சிகாகோவில் 1973இல் பங்கு ஆப்ஷன் சந்தை திறந்தபோது பம்பாய்க் கிழவர்கள் சிரித்திருப்பார்கள்.

எண்ணெய் ஆலைக்காரர் முன்பேரத்தை எப்படிப் பயன்படுத்துவார் என்பதைப் பார்த்துவிடுவோம். எண்களைக் கணக்குக்காக நானே போடுகிறேன். மார்கழியில் ஆலைக்காரர் பத்து டன் எண்ணெய் எடுக்கும் அளவுக்குக் காய் வாங்கிக் குடோனில் போடுகிறார். எண்ணெய் அன்றைக்குக் கிலோ 150 ரூபாய். அவர் எண்ணெய் விற்கப்போவது பங்குனியில். அன்றே சந்தையில் பங்குனித் தவணைக்குப் பத்து டன் எண்ணெயை 150க்கு விற்றதாக ஒப்பந்தம் போட்டுவிடுகிறார். பங்குனியில் விலை 120க்கு இறங்குகிறது. டின்னில் இருக்கும் எண்ணெயை 120க்கு விற்றதில் கிலோவுக்கு 30 ரூபாய் குறைந்தது. ஒப்பந்தத்தையோ 120க்கு வாங்கி முடித்ததால் அதே 30 ரூபாய் கைக்கு வந்தது. பத்து டன்னுக்கு மூன்று லட்சம் இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்துவிட்டது. விலை 180க்கு ஏறியிருந்தால் டின்னில் லாபம், காகிதத்தில் அதே அளவு நஷ்டம். முப்பது ரூபாய் போச்சே என்று அப்போது புலம்பக் கூடாது. புலம்பாத ஆலைக்காரரை நான் பார்த்ததில்லை. அவர் வாங்கியது நிம்மதி. அதற்குக் கொடுத்த விலை, ஏற்றத்தில் வந்திருக்கக்கூடிய லாபம்.

இதில் ஒரு முள் உண்டு. விலை தனக்கு எதிராகப் போகிற ஒவ்வொரு நாளும் மார்ஜின் என்று சந்தைக்குப் பணம் கட்டவேண்டும். எண்ணெய் இன்னும் விற்கவில்லை, குடோனில்தான் இருக்கிறது. ஆனால் கட்டவேண்டிய பணம் இன்றைக்கே. கையிருப்புப் பணமோ வங்கிப் பழக்கமோ இல்லாதவர் நடுவழியில் ஒப்பந்தத்தை விட்டுவிட நேரும். காப்பு தேவைப்படுகிறவனிடம் இல்லாதது எதுவோ, அதையே முதலில் கேட்கிற ஏற்பாடு இது.

உலகப் போரின்போது 1943இல் எண்ணெய் வித்துகளின் முன்பேரத்தை அரசு தடை செய்தது. சுதந்திரத்துக்குப் பின் 1952இல் முன்பேர ஒப்பந்தங்கள் ஒழுங்குமுறைச் சட்டமும், அடுத்த ஆண்டு அதற்கென ஓர் ஆணையமும் வந்தன. தேஜி, மந்தி வகையறா ஆப்ஷன்கள் அந்தச் சட்டத்திலேயே அடியோடு விலக்கப்பட்டன. வறட்சியும் விலையேற்றமும் சேர்ந்த 1960களின் நடுவில் வேர்க்கடலை உட்படப் பெரும்பாலான பொருள்களின் முன்பேரம் நிறுத்தப்பட்டது. விலை ஏறினால் முன்பேரக்காரனைப் பிடி என்பது கட்சி வேறுபாடில்லாமல் டெல்லியில் எல்லாரும் ஒப்புக்கொண்ட கொள்கை.

சட்டம் போட்ட தடை செய்யாற்றில் யாருக்கும் தெரிந்திருக்காது. அங்கே நடந்ததற்குச் சந்தையும் தேவையில்லை, தரகர் சங்கமும் தேவையில்லை. 1970களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பசுமைப் புரட்சி என்ன செய்திருக்கிறது என்று பார்க்க வட ஆற்காட்டுக் கிராமங்களுக்கு வந்தார்கள். அவர்களில் பார்பரா ஹாரிஸ் நெல், வேர்க்கடலை வியாபாரிகளையே தன் பொருளாக எடுத்துக்கொண்டார். 1973இல் ஆரணியின் கடைகளையும் மண்டிகளையும் கணக்கெடுத்தவர், பிறகு பத்தாண்டுக்கு ஒருமுறை திரும்பி வந்து அதே ஊரைக் கணக்கெடுத்தார். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் ச. ஜனகராஜனும் இந்தப் பகுதிக் கிராமங்களில் கடனும் விளைச்சலும் பின்னிக் கிடப்பதை எழுதினார். அறுபது ஆண்டுக்கு முந்தைய ஏற்பாடு ஏறக்குறைய அப்படியே இருந்ததை இவர்கள் எழுத்தில் பார்க்கலாம். கடன் கொடுத்தவரிடமே காய் போகிறது. கம்பெனி இடத்தில் ஆலைக்காரரும் வனஸ்பதிக்காரரும் வந்துவிட்டார்கள், அவ்வளவே.

இதற்கு நேர் எதிரான ஏற்பாடு ஆரணித் தறியில் இருப்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம். பட்டு நூல் விலையும் ஜரிகை விலையும் எண்ணெய் விலையைவிட மோசமாகக் குதிப்பவை. ஜரிகைக்குப் பின்னால் வெள்ளியும் தங்கமும் இருக்கின்றன. ஆனால் முதலாளி பாவும் ஊடையும் ஜரிகையும் கொடுத்து, நெய்பவர் சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற வரை, நூல் விலை ஏறினாலும் இறங்கினாலும் அது முதலாளி தலையில். நெய்பவருக்கு விலை ஆபத்து இல்லை. ஏற்றத்தில் பங்கும் இல்லை, சரக்கு தேங்கினால் தறி நின்றுபோகும் என்பது வேறு கதை. ஒரே தாலுகாச் சாலையின் ஒரு பக்கம் விலை ஆபத்து முழுக்க உற்பத்தி செய்பவன் மேல். மறுபக்கம் அவன்மேல் இல்லவே இல்லை. இந்த வேறுபாட்டைப் பற்றி யாராவது விரிவாக ஆராயவேண்டும்.

2003இல் தடை நீங்கியது. எம்.சி.எக்ஸ்., என்.சி.டி.இ.எக்ஸ். என்ற நாடு தழுவிய சந்தைகள் அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் திறந்தன. 2005இல் கச்சா எண்ணெய் முன்பேரமும் வந்தது. விவசாயி தன் வீட்டுத் திண்ணையிலிருந்தே வரப்போகும் விலையைப் பூட்டிவைத்துக்கொள்ளலாம் என்று அப்போது மேடை மேடையாகப் பேசினார்கள்.

திண்ணையில் இருந்தவருக்கு அது ஏன் வாய்க்கவில்லை என்பதை விற்பனைக்கூடத்துக் களத்தில் நின்றால் புரிந்துகொள்ளலாம். காய் குவியல் குவியலாகக் கிடக்கும். வியாபாரி ஒவ்வொரு குவியலிலும் நான்கு இடத்தில் கைவிட்டு அடிக்காயை எடுப்பார். காதருகே வைத்துக் குலுக்குவார்; கலகலவென்றால் காய்ந்த காய். ஓடு உடைத்துப் பருப்பை உள்ளங்கையில் தேய்த்துத் தோல் உரிகிறதா என்று பார்ப்பார். பொக்கு எத்தனை என்று மனசுக்குள் எண்ணுவார். “ஈரம் இருக்குதே பெரியவரே” என்பார். “ரெண்டு வெயில் காட்டியாச்சு முதலாளி, இன்னும் எங்க ஈரம்?” என்று பதில் வரும். பிறகு ஒரு துண்டுச்சீட்டில் விலையை எழுதி மடித்துப் பெட்டியில் போடுவார். ஒவ்வொரு குவியலுக்கும் ஒவ்வொரு விலை.

சந்தைத் திரையில் ஓடும் விலை இந்தக் குவியலின் விலை அல்ல. அது வேறு மாநிலத்துக் குடோனில், குறிப்பிட்ட ஈரப்பதத்தில், குறிப்பிட்ட தரத்தில் ஒப்படைக்கவேண்டிய சரக்கின் விலை. இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கினால் பரவாயில்லை; இங்கே மழை பெய்து காய் கறுத்த வருஷம் அங்கே வெயிலடித்திருந்தால் காப்பே ஓட்டையாகிவிடும். இன்னொன்று அளவு. கடுகு, சோயா போன்றவற்றில் ஓர் ஒப்பந்தம் என்பது நெடுங்காலம் பத்து டன்னாக இருந்தது. மானாவாரியில் ஏக்கருக்கு ஒரு டன் காய்கூடத் தேறாத இடத்தில், இரண்டு ஏக்கர்காரர் பத்து டன்னுக்கு எங்கே போவார்? கூட்டாகச் சேர்ந்து போடலாம் என்று உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகளுக்கு இப்போது சொல்கிறார்கள். மார்ஜின் பணத்தை யார் கட்டுவது என்று கேட்டால் கூட்டம் கலைந்துவிடுகிறது.

விலைக்காப்பு ஏழைகளுக்கு ஆகாதது என்று இதிலிருந்து முடிவு கட்டவேண்டியதில்லை. காப்புக்கு ஒரு விலை உண்டு. அதை ரொக்கமாக முன்னால் கொடுக்கிறோமா, கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் கொடுக்கிறோமா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இதற்கு இரண்டு நாடுகள் சாட்சி.

மெக்சிகோ அரசின் வரவுசெலவு, கச்சா எண்ணெய் ஏற்றுமதியை நம்பி இருப்பது. ஆண்டுதோறும் அந்நாட்டு நிதி அமைச்சகம் அடுத்த ஆண்டு எண்ணெய்க்கு ஒரு குறைந்தபட்ச விலையை வைத்து விற்கும் உரிமையை வாங்கிக்கொள்கிறது. நம் குஜராத்திகளின் மந்தி அது. அதற்காகச் சில ஆண்டுகளில் 100 கோடி டாலருக்கும் மேல் கட்டியிருக்கிறார்கள். விலை விழாவிட்டால் அந்தப் பணம் திரும்பாது, அவ்வளவுதான் நஷ்டம். 2009இல் விலை விழுந்தபோது சுமார் 500 கோடி டாலர் கிடைத்தது.

இலங்கைப் பெட்ரோலியக் கூட்டுத்தாபனம் எண்ணெயை வாங்கும் இடத்தில் இருப்பது. விலை ஏறுவதுதான் அதற்குப் பயம். 2007, 2008இல் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட், சிட்டி பேங்க், டாய்ச்ச பேங்க் முதலிய வங்கிகளோடு ஒப்பந்தம் போட்டது. மெக்சிகோவைப் போலன்றி, முன்பணம் கட்டத் தேவையில்லாத ஏற்பாடு. கொழும்பில் அது பெரிய சலுகையாகப் பட்டிருக்கவேண்டும். டாய்ச்ச பேங்க் ஒப்பந்தம் 2008 ஜூலை 8ஆம் தேதியது. பீப்பாய் 112.50 டாலருக்கு மேல் போனால் வங்கி கொடுக்கும், ஆனால் மொத்தம் 25 லட்சம் டாலர் கொடுத்ததும் கணக்கு முடிந்துவிடும். கீழே போனால் கூட்டுத்தாபனம் கொடுக்கவேண்டும்; அதற்கு உச்சவரம்பு இல்லை. அதே வாரம் எண்ணெய் 147 டாலரைத் தொட்டது. டிசம்பரில் 40க்கும் கீழே. நவம்பரில் இலங்கை உச்ச நீதிமன்றம் பணம் கொடுப்பதை நிறுத்திவைத்தது, டிசம்பரில் மத்திய வங்கியும் குறுக்கிட்டது. வழக்கு லண்டனுக்குப் போனது. சிட்டி பேங்க் நடுவர் மன்றத்தில் தோற்றது. ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் நீதிமன்றத்தில் வென்றது. டாய்ச்ச பேங்குக்கு 2012இல் உலக வங்கியைச் சேர்ந்த முதலீட்டுத் தகராறு மன்றம் ஆறு கோடி டாலர் தரச் சொன்னது. 25 லட்சத்துக்கு ஆறு கோடி. முன்பணம் இல்லாமல் கிடைத்த காப்பின் விலை அது. செய்யாற்று உழவனின் ஆடி மாதத்துக் கடனுக்கும் இதற்கும் வடிவத்தில் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. இரண்டிலும் கையெழுத்துப் போடுகிற அன்று கையை விட்டு எதுவும் போவதில்லை.

இதற்கிடையில் நம் ஊர் எண்ணெயின் விலை தீர்மானமாகும் இடமே மாறிவிட்டது. 1994இல் பாமோலின் இறக்குமதி தாராளமானது. அதற்குப் பின் சமையலறைகளில் கடலெண்ணெயின் இடத்தைப் பாமாயிலும் சூரியகாந்தியும் பிடித்தன. பாமாயிலுக்கு விலை சொல்வது கோலாலம்பூர். 1980 முதல் அங்கே முன்பேரச் சந்தை நடக்கிறது, ஒப்பந்தம் 25 டன். வட ஆற்காட்டிலிருந்தும் தமிழ்நாட்டின் பிற பகுதிகளிலிருந்தும் ரப்பர் வெட்டப் போனவர்களின் பிள்ளைகள் செம்பனைக் குலை வெட்டிய அதே தோட்டங்களின் எண்ணெய். 2022 ஏப்ரலில் இந்தோனேசியா சில வாரங்கள் பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியபோது சென்னையில் கடலெண்ணெய் வாங்குபவரும் அதை உணர்ந்தார். அப்படிப்பட்ட நேரத்தில் இந்திய இறக்குமதியாளர் உள்நாட்டுச் சந்தையில் காப்புத் தேட வழியில்லாமல் இருந்தது. 2021 டிசம்பர் 20ஆம் தேதி சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, கச்சாப் பாமாயில், சோயா, கடுகு, கோதுமை உள்ளிட்ட ஏழு பொருள்களின் முன்பேரத்தை ஓராண்டுக்கு நிறுத்திவைத்திருந்தது. ஓராண்டு என்றது பிறகு ஆண்டுக்காண்டு நீண்டது. முன்பேரம்தான் விலையை ஏற்றுகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை என்று அரசு அமைத்த அபிஜித் சென் குழு 2008இலேயே எழுதிக் கொடுத்துவிட்டது. அறிக்கை அலமாரியில் இருக்கிறது.

இறக்குமதியாளர்களும் பெரிய ஆலைகளும் கோலாலம்பூர்த் திரையைப் பார்த்துத் தங்கள் காப்பைத் தேடிக்கொள்கிறார்கள். செய்யாற்றில் மரச்செக்கு வைத்து ஆட்டுபவர்கள், காயை ஒரேயடியாக வாங்கிக் குவிக்காமல், விற்கிற அளவுக்கு வாரா வாரம் வாங்கி ஆட்டுகிறார்கள். தேங்கும் சரக்கு இல்லாததால் விலை ஆபத்தும் ஒரு வாரத்துக்கு மேல் இல்லை. புத்தகத்தில் ஏறாத இந்த முறைக்கு மார்ஜின் கிடையாது.

அடுத்த இதழில் ராஜ்கோட்டுக்குப் போகிறோம். கடலெண்ணெய் விலையைத் தங்கள் குடோன் சாவியில் வைத்திருந்த தெலியா ராஜாக்களும், அவர்களோடு மோதப் பாலிலிருந்து எண்ணெய்க்கு வந்த வர்கீஸ் குரியனும்.

(தொடரும்)